வெள்ளம் அறுத்த ரோட்டை அப்படியே மூடுவதா, மாற்றிக் கட்டுவதா?

2023 டிசம்பர் 17, 18 இரண்டு நாளும் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் பெய்த மழையை எங்கள் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர். ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் ஏறத்தாழ 800 பயணிகளோடு நின்றுவிட்டது. ஜல்லியும் மண்ணும் அரித்துப் போய், தண்டவாளம் ஸ்லீப்பர் கட்டையோடு அந்தரத்தில் தொங்கிய படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ரயில் பாதைக்கு நாடே கவலைப்பட்டது, அதைச் சரி செய்யத் தனித் துறையும் ஆளும் இயந்திரமும் இருந்தன.

நான் எழுதப்போவது எந்தப் படத்திலும் வராத ஒரு சின்ன இடத்தைப் பற்றி. தாமிரபரணி ஆற்றுக்குத் தெற்கே, குளத்து மறுகால் ஓடை, அதாவது குளம் நிரம்பி மிஞ்சும் தண்ணீர் போகும் ஓடை, ஊராட்சிச் சாலையைக் குறுக்கே கடக்கும் இடம். மூன்று குழாய் வைத்த பாலம் ஒன்று அங்கே இருந்தது. 19ஆம் தேதி காலையில் நான் போய்ப் பார்த்தபோது பாலமும் இல்லை, ரோடும் இல்லை. டேப் பிடித்து அளந்தோம்: உடைப்பு 14 மீட்டர். தார் ரோட்டின் ஓரம் கேக்கை வெட்டியதுபோல் நின்றது. மேலே இரண்டு அங்குலம் தார், அதற்குக் கீழே ஜல்லி, அதற்கும் கீழே வெறும் செம்மண். ஒரு குழாய் 100 மீட்டர் தள்ளி வயலுக்குள் கிடந்தது. மற்ற இரண்டின் வாயிலும் அமலைச் செடியும் (ஆகாயத்தாமரை) வேலிக்கருவைக் கிளையும் அடைத்துக்கொண்டிருந்தன.

ஊரக வளர்ச்சித் துறையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால், என்ன செய்யலாம் என்று ஊர்க்காரர்கள் என்னைத்தான் கேட்டார்கள். அன்று பேசியதையும், அப்புறம் பல நாள் யோசித்ததையும் சேர்த்து எழுதுகிறேன். வெள்ளம் வடிந்த ஊரில் யார் பொறுப்பில் இருந்தாலும், ஊராட்சித் தலைவரோ வார்டு உறுப்பினரோ பொறியாளரோ, இதே நான்கு வழிகள்தான் முன்னால் வந்து நிற்கும். மண்ணைக் கொட்டி மூடுவது. இருந்ததைப் போலவே திரும்பக் கட்டுவது. உயர்மட்டப் பாலம். அப்புறம் தாம்போதி, அதாவது தண்ணீர் மேலே ஏறிப் போகும்படி கட்டும் தரைப்பாலம்.

முதலில், மண்ணைக் கொட்டி மூடுவது. இதைக் குறைத்துப் பேசுகிறவர்கள் வெள்ளத்தில் தனித்து நின்ற ஊரில் ஒரு ராத்திரி இருந்து பார்க்கவேண்டும். பிரசவ வலி வந்த பெண்ணுக்கு ஆம்புலன்ஸ் வர வழி வேண்டும், பால் வண்டி வரவேண்டும், சிலிண்டர் வரவேண்டும். ஒரு ஜேசிபி, பத்துப் பன்னிரண்டு லோடு கிராவல், மணல் மூட்டை, சவுக்குக் கட்டை, இரண்டு நாள் வேலை. இதைச் செய்துதான் ஆகவேண்டும், இதில் ஒப்பிட ஒன்றும் இல்லை.

ஆனால் எங்கே கொட்டுவது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. உடைப்புக்குள்ளேயே கொட்டினால் தண்ணீர் தனக்கென்று திறந்துகொண்ட வழியை நாமே அடைக்கிறோம். அதைவிட மோசம், அடுத்த மாதம் அதன்மேல் ஒரு தார்ப் பூச்சு விழும், ரோடு சரியாகிவிட்டது என்று கணக்கு முடியும். தற்காலிகம் என்று ஆரம்பித்த வேலை இப்படி நிரந்தரமாகிப் போனதை என் வேலைக் காலத்தில் பலமுறை பார்த்துவிட்டேன். அதனால் என் யோசனை எப்போதும் ஒன்றுதான். உடைப்பைத் தொடாதீர்கள். அதை ஒட்டி, பட்டா நிலமானால் உரியவரிடம் கேட்டுக்கொண்டு, ஓடைப் படுகையில் தாழ்வாக ஒரு மாற்றுப்பாதை போடுங்கள். அடியில் கிடைத்த குழாய்களைப் புதைத்து மேலே கிராவல் போட்டால் போதும். இன்னொரு மழைக்கு அது போனாலும் போகட்டும், மறுபடி இரண்டு நாளில் போட்டுவிடலாம். நிரந்தரப் பாலம் கட்டவேண்டிய இடம் காலியாக இருக்கும். அந்தப் பள்ளம் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தால்தான் ஃபைலும் நகரும்.

இரண்டாவது வழி, இருந்ததைப் போலவே கட்டுவது. அலுவலகத்துக்கு இதைவிடச் சுலபம் எதுவும் இல்லை. பழைய எஸ்டிமேட் இருக்கும், விலையை மட்டும் மாற்றினால் போதும். சேதமானதைச் சீரமைத்தல் என்ற தலைப்பில் வரும் பணத்துக்கு, சேதமானதற்கு மேல் எதைச் சேர்த்தாலும் கேள்வி வரும் என்ற பயமும் உண்டு. எங்கள் ஓடையில் அந்த மூன்று குழாய்கள் அப்படி வந்தவைதான். அதற்கு முந்தைய ஒரு மழையில் பாலம் போனபோது, அதே அளவில் அதே மூன்று குழாய் திரும்ப வைக்கப்பட்டது. அப்போது வேறொரு ஒன்றியத்தில் இருந்த எனக்கு அது பெரிதாகத் தெரியவில்லை.

இந்த முறை உட்கார்ந்து கணக்குப் போட்டேன், நீங்களும் போட்டுப் பாருங்கள். ஒரு மீட்டர் விட்டமுள்ள குழாய் மூன்று என்றால் மொத்த வாய்ப்பரப்பு ஏறத்தாழ 2.4 சதுர மீட்டர். தண்ணீர் வினாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் முட்டி நிறைந்து ஓடினாலும், வினாடிக்கு 5 கன மீட்டருக்குச் சற்றுக் குறைவாகத்தான் வெளியேறும். 95 சென்டிமீட்டர் மழை ஒரு சதுர கிலோமீட்டர் நிலத்தில் விழுந்தால் ஒன்பதரை லட்சம் கன மீட்டர். 24 மணி நேரத்துக்கும் சமமாகப் பரப்பினாலே வினாடிக்கு 11 கன மீட்டர். ஏற்கெனவே ஊறி நிறைந்த மண் எதையும் உறிஞ்சாது. மழையும் சமமாகப் பெய்யாது, சில மணி நேரத்தில் கொட்டித் தீர்க்கும். எங்கள் ஓடைக்கு வரும் நிலம் ஒரு சதுர கிலோமீட்டருக்கு மேல், அதோடு குளத்து மறுகாலும் சேர்கிறது. குழாய் வாயில் அமலை அடைத்தால் அந்த 5 கன மீட்டரும் இல்லை. பாலம் உடைந்ததில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

அப்படியே கட்டுவது சரியான வழியாக இருக்கும் இடங்களும் உண்டு. மரம் விழுந்து ஒடிந்த மின்கம்பம், மேல்நிலைத் தொட்டிக்குப் போகும் குழாய் இணைப்பு, பள்ளிச் சுற்றுச்சுவர் போன்றவற்றில் வடிவம் தப்பில்லை, அன்றைய அடி பெரிது, அவ்வளவுதான். தண்ணீரின் வழியில் குறுக்கே நிற்கும் எதற்கும் மட்டும் இது பொருந்தாது.

ஊர்க் கூட்டத்தில் பெரும்பாலானோர் கேட்டது உயர்மட்டப் பாலம். "அண்ணாச்சி, இனி எந்தக் காலத்திலும் தண்ணீ ஏறாத மாதிரி ஒரு பாலம் வாங்கிக் குடுத்திருங்க" என்றார் ஒரு தம்பி. அவன் அம்மாவை டயாலிசிஸுக்கு வாரம் இரண்டு முறை கூட்டிப் போகிறவன். அவன் கேட்பதில் நியாயம் இருக்கிறது, அதை நான் மறுக்கவே மாட்டேன்.

ஆனால் பாலம் தனியாக நிற்பதில்லை. இரண்டு பக்கமும் அணுகுசாலை வேண்டும். பாலம் மூன்று மீட்டர் உயர்ந்தால் அணுகுசாலையும் மூன்று மீட்டர் மண் மேடாக வயலுக்குக் குறுக்கே ஏறி இறங்கவேண்டும். வெள்ளக் காலத்தில் அது ரோடு இல்லை, அணைக்கட்டு. மேற்கே உள்ள காலனி அதற்குப் பின்னால் முழுகும். மழை கொட்டுகிற ராத்திரியில் ரோட்டை வெட்டிவிடச் சொல்லி ஒரு ஊரும், வெட்டக்கூடாது என்று இன்னொரு ஊரும் மண்வெட்டியோடு எதிரெதிரே நின்றதை நான் நேரில் பார்த்தவன். அந்த நிலைமை எந்தப் பொறியாளருக்கும் வரக்கூடாது.

அதோடு, பெரிய வெள்ளத்தில் பாலம் நின்று அணுகுசாலை போவதுதான் வழக்கம். ஏரலில் தாமிரபரணிமேல் இருந்த உயர்மட்டப் பாலத்துக்கு அதுதான் நடந்தது, அணுகுசாலையை ஆறு அரித்துக்கொண்டு போய்விட்டது. கான்கிரீட் தூண் ஆறேழு மீட்டர் ஆழத்துக்கு இறங்கியிருக்கும், பக்கத்து மண் மேட்டுக்கு என்ன பிடிமானம்? மண் ஆய்வு, வடிவமைப்பு, நிலம் எடுப்பு, டெண்டர் என்று ஒன்றரை வருஷமாவது ஆகும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதுவரை ஊர் மாற்றுப்பாதையில்தான்.

கேரளத்தில் 2018 வெள்ளத்துக்குப் பிறகு ஆலப்புழை சங்கனாச்சேரி சாலையைச் சீரமைத்த விதத்தை இங்கே சொல்லலாம். ஏறத்தாழ 24 கிலோமீட்டர், குட்டநாட்டின் நடுவே, கடல் மட்டத்துக்கும் கீழே கிடக்கும் வயல்கள் வழியாகப் போகிறது. முழு நீளத்துக்கும் மண் கொட்டி உயர்த்தியிருந்தால் வயலில் நிற்கும் தண்ணீருக்கு வடிய இடமே இருந்திருக்காது. அடிக்கடி முழுகும் பகுதிகளில் மட்டும் மேம்பாலமாகத் தூக்கி, அடியில் தண்ணீர் போக வழி விட்டார்கள். பெரிய நெடுஞ்சாலைக்கு அந்தச் செலவு தகும். எங்கள் ஊராட்சிச் சாலைக்கு அவ்வளவு பணம் யாரும் தரப்போவதில்லை. ஆனால் எங்கே உயர்த்துவது, எங்கே விட்டுக்கொடுப்பது என்று முதலில் பிரித்துப் பார்த்ததை நாமும் செய்யலாம்.

நான்காவது தாம்போதி. என் தேர்வு இதுதான், ஒரு நிபந்தனையோடு.

ஓடையின் நடுவில் 3 மீட்டர் அகலம் 2 மீட்டர் உயரத்தில் இரண்டு கண், அதாவது தண்ணீர் போகும் இரண்டு திறப்பு, வைத்த பெட்டிப் பாலம். அதன் வாய்ப்பரப்பு 12 சதுர மீட்டர், அதாவது பழைய மூன்று குழாயைப்போல் ஐந்து மடங்கு. வருஷா வருஷம் வரும் மழைத் தண்ணீர் அடியிலேயே போய்விடும், அமலையும் அவ்வளவு சுலபமாக அடைக்காது. அதற்கு இரு பக்கமும் ரோட்டை மேடாக்காமல், ஓடையின் இயல்பான தாழ்வோடு ஒட்டிச் சாய்வாக இறக்கி, தாருக்குப் பதில் கான்கிரீட் போடவேண்டும். 2023ஐப் போல ஒன்று வந்தால் தண்ணீர் ரோட்டின்மேல் ஏறிப் போகட்டும். ஒரு நாள், ஒன்றரை நாள் போக்குவரத்து நிற்கும். தண்ணீர் இறங்கியதும் சேற்றை வழித்துவிட்டு வண்டி ஓட்டலாம்.

இதில் வேலை முழுவதும் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது. மேலே ஏறிப் போகும் தண்ணீர் மறுபக்கம் விழும்போது தோண்டும். கீழ்ப்புறத்தில் ஒன்றரை, இரண்டு மீட்டர் ஆழத்துக்கு வெட்டுச்சுவர் இறக்கி, அதற்கு அப்பால் கல் பாவி விடவில்லையென்றால், பள்ளம் கொஞ்சம் கொஞ்சமாக ரோட்டுக்கு அடியில் நுழைந்து ஒரு நாள் பலகை பலகையாகக் கான்கிரீட்டைக் கவிழ்த்துவிடும். செலவைக் குறைக்கச் சொல்லும்போது முதலில் வெட்டுபடுவது இந்தச் சுவர்தான். எம்-புக்கில், அதாவது செய்த வேலையை அளந்து பதியும் புத்தகத்தில், கையெழுத்துப் போடுகிறவர் மண் மூடுவதற்கு முன்னால் நேரில் போய்ச் சுவரின் ஆழத்தை அளந்து பார்க்கவேண்டும். மூடிய பிறகு யாராலும் சொல்ல முடியாது.

உயிருக்கு ஆபத்து என்பதுதான் தாம்போதியில் பெரிய குறை. இரண்டடி ஓட்டத் தண்ணீர் காரையே இழுத்துப் போய்விடும், பைக்குக்கு ஓரடியே போதும். ஓரத்தில் அடிக்கணக்கு எழுதிய கம்பங்கள், இரு பக்கமும் பூட்டக்கூடிய தடுப்பு, அந்தப் பூட்டுக்குப் பெயர் சொல்லி ஒரு ஆள், இவை எஸ்டிமேட்டிலேயே இருக்கவேண்டும்.

நிபந்தனை என்னவென்றால், ஐந்தாறு ஊர் சேர்ந்த ஒரு வட்டாரத்துக்கு எந்த மழையிலும் முழுகாத ஒரே ஒரு வழியாவது இருக்கவேண்டும். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழி. உயர்மட்டப் பாலத்துக்குக் கிடைக்கும் பணம் அங்கே போகட்டும், அணுகுசாலையின் சரிவுக்குக் கல் பாவுவது உட்பட. மற்ற வழிகள் முழுகலாம், உடையக்கூடாது. அம்மாவை டயாலிசிஸுக்குக் கூட்டிப் போகும் அந்தத் தம்பியிடம் இதைச் சொன்னபோது, "அந்த ஒரு வழி எது? அது எங்க ஊர் பக்கமா?" என்றுதான் கேட்டான். எட்டு கிலோமீட்டர் சுற்று என்று வரைந்து காட்டினேன். மழை நாளில் எட்டு கிலோமீட்டர் பரவாயில்லை என்றான்.

குளத்துக் கரையைப் பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் ரோட்டை அறுத்த தண்ணீர் பெரும்பாலும் அங்கிருந்து வந்தது. அந்த மழையில் கோரம்பள்ளம் குளம் உடைந்து தூத்துக்குடி நகரத்துக்குள் தண்ணீர் வந்தது பலருக்கு நினைவிருக்கும். இங்கே காலம் வேறு மாதிரி நெருக்கும். டிசம்பர் என்றால் பிசானப் பயிர், அதாவது எங்கள் பக்கத்து மழைக்கால நெல், வயலில் நிற்கிறது. கரையை உடனே அடைக்காவிட்டால் வெள்ளத்தில் தப்பிய பயிர் தண்ணீரில்லாமல் காயும். அதே சமயம் ஈர மண்ணில் நல்ல கரை போட முடியாது. களிமண்ணைக் கையளவு எடுத்து உருட்டிப் பாருங்கள், கையில் ஒட்டினால் ரோலர் ஓட்டிப் பயனில்லை. ஆகவே உடைப்பைச் சுற்றி உள்பக்கமாக மணல் மூட்டையில் வளையக் கரை போட்டு அந்தப் பருவத்தை ஒப்பேற்றுவது. கோடையில் பழைய கரையைப் படிப்படியாக வெட்டி, புது மண்ணை ஒவ்வொரு அடுக்கும் ஒரு சாணுக்கு மேல் போகாமல் தண்ணீர் தெளித்து உருட்டிக் கட்டுவது. இரண்டில் ஒன்று என்று தேர்வு செய்யவே கூடாத இடம் இது, இரண்டும் வேண்டும். மிஞ்சும் தண்ணீர் வெளியேறும் கலிங்கின் அகலம் போதுமா என்று பார்க்காமல் கரையை மட்டும் உயர்த்தினால், அடுத்த முறை இன்னும் அதிகத் தண்ணீரோடு உடையும்.

குடிநீரில் எனக்குக் குழப்பமே இல்லை. ஆற்றுப் படுகையில் உள்ள கிணறுகளிலிருந்துதான் எங்கள் பக்கத்துக் கூட்டுக் குடிநீர்த் திட்டங்கள் ஓடுகின்றன. வெள்ளம் அவற்றின் குழாயையும் மோட்டாரையும் சேர்த்தே அடித்தது. லாரித் தண்ணீர் முதல் பத்து நாளுக்கு. புது போர்வெல் போடலாமே என்பார்கள், கடலோரத்தில் பாதி இடங்களில் உப்புத்தான் வரும். மோட்டாரைக் கழற்றிக் காயவைத்து, மின்கசிவு இருக்கிறதா என்று மெக்கர் கருவி வைத்துப் பார்த்து மாட்டுவதுதான் சீக்கிரம். மாட்டும்போது மோட்டாரின் சுவிட்சுகள் உள்ள பேனல் போர்டைச் சுவரில் உள்ள வெள்ளக் கறைக்கு ஒன்றரை அடி மேலே ஏற்றிவிட வேண்டும். நான்கு கம்பியும் கொஞ்சம் கேபிளும்தான் கூடுதல் செலவு. இதற்குக்கூட அனுமதி கேட்டுக் காத்திருந்து, பழைய உயரத்திலேயே மாட்டிய பம்ப் அறைகளைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது.

இப்போது பணம். 2021 முதல் 2026 வரைக்கும் 15வது நிதிக்குழு போட்ட ஏற்பாட்டில், பேரிடருக்கென்று ஒதுக்கிய 100 ரூபாயில் 20 தணிப்புப் பணிக்கு, அதாவது அடுத்த பேரிடரின் சேதத்தை முன்கூட்டியே குறைக்கும் வேலைக்கு. மீதி 80இல் 40 உடனடி மீட்பு நிவாரணத்துக்கு, 30 மீட்டெடுப்பு மறுகட்டுமானத்துக்கு, 10 முன்தயாரிப்புக்கு. தமிழ்நாடு போன்ற மாநிலங்களுக்கு மாநிலப் பேரிடர் நிதியில் முக்கால் பங்கு மத்திய அரசு தந்தது, கால் பங்கு மாநிலம். இந்தப் பிரிவைத் தெரிந்துகொண்டால் எஸ்டிமேட் போடுவதே மாறிவிடும். மாற்றுப்பாதையும் வளையக் கரையும் உடனடிப் பணி. பெட்டிப் பாலமும் வெட்டுச்சுவரும் மறுகட்டுமானம். இரண்டையும் ஒரே காகிதத்தில் எழுதி அனுப்பினால் அவசரம் என்ற தலைப்பில் எல்லாம் சுருங்கி, கடைசியில் மூன்று குழாய்தான் திரும்பி வரும். முதல் நாளிலிருந்தே இரண்டு எஸ்டிமேட்டாகப் போடுங்கள்.

டெண்டர் விஷயமும் அப்படித்தான். 1998ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகள் வெளிப்படைத்தன்மைச் சட்டத்தில், இயற்கைப் பேரிடர் காலத்துக்கு 16வது பிரிவு விலக்குத் தருகிறது. அது ஆம்புலன்ஸ் வருவதற்காகத் தரப்பட்ட விலக்கு. மூன்று மாதம் கழித்துக் கட்டும் பாலத்துக்கு அதைப் பயன்படுத்துவதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். நிரந்தர வேலைக்கு முறையான டெண்டர், அதற்கு ஆகும் காலத்தில்தான் மண் ஆய்வும் செய்யமுடியும்.

எங்கள் ஊர் தீர்மானத்தில் கடைசியில் தாம்போதி என்றுதான் எழுதினோம். மூன்று பேர் எதிர்த்தார்கள், அவர்கள் பெயரையும் காரணத்தையும் சேர்த்தே எழுதினோம். கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது எண்பது வயது தாத்தா ஒருவர் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடைக்குப் போனார். உடைப்புக்கு 40 மீட்டர் கிழக்கே, இப்போது முள் மண்டிக் கிடக்கும் ஒரு பள்ளத்தைக் காட்டி, "ஓடை முன்னாடி இங்கனதான் போச்சு, ரோடு போடும்போது திருப்பிவிட்டாவ" என்றார். கிராம வரைபடத்தை எடுத்துப் பார்த்தோம், அவர் சொன்னது சரி. அங்கேயும் ஒரு கண் வைக்கும்படி எஸ்டிமேட்டைத் திருத்தினோம்.

அன்று சாயங்காலமே இன்னொரு வேலையும் செய்தோம். பள்ளிக்கூடச் சுவரில் தண்ணீர் நின்ற உயரம் மஞ்சள் கோடாகத் தெரிந்தது. பொங்கலுக்கு வெள்ளையடிக்க ஆள் வந்துவிடும் என்பதால், அந்தக் கோட்டின்மேல் தார் பெயின்ட்டில் ஒரு கோடு இழுத்து, 18.12.2023 என்று எழுதி, தரையிலிருந்து உயரத்தையும் குறித்தோம். பம்ப் அறை, ரேஷன் கடை, கோயில் மண்டபத் தூண் என்று நான்கு இடங்களில். எஸ்டிமேட் போட வரும் பொறியாளருக்கு முதலில் தேவைப்படும் எண் அதுதான். உங்கள் ஊரிலும் சுவர் இன்னும் வெள்ளையடிக்காமல் இருந்தால் நாளைக்கே போய் எழுதி வையுங்கள்.